கழுவாத டீசல்

என் வண்டி போகிற வழியெல்லாம் மசால் வடை மணக்கும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. சிக்னலில் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரர் கண்ணாடியை இறக்கி மோந்து பார்ப்பார். நம்மூர்க்காரராக இருந்தால் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று நேராகக் கேட்டே விடுவார். பல நாள் உள்ளே ஒன்றுமே இருக்காது. மணம் புகைக் குழாயிலிருந்து வருகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அது ஒரு பழைய டீசல் டிரக். பின்னால் பெட்டி வைத்தது. ஒரு பூக்கடைக்காரர் வைத்திருந்து விற்றது. மில்பிடாஸில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற பொதுச் சமையல்கூடத்தில் சமைத்து, வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் அதில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். வண்டி என் பெயரில் இருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் என் பெயரில் ஒரு லைப்ரரி கார்டைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. வந்தது கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு. வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவள், இங்கே ஒன்பது வருடம் சோஃபா உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். அனுமதி அட்டை தபாலில் வந்த மாதமே சமையலை ஆரம்பித்தேன். அடுத்த வருடம் வண்டி வந்தது. அதன் பதிவுச் சீட்டில் என் பெயரைப் பார்த்து நான் அழுதது என் கணவருக்கும் தெரியும்.

இனி அண்ணா. கூடப்பிறந்தவர் இல்லை. என் கணவரின் கல்லூரி சீனியர், கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல். கெமிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர். இவருக்கு இங்கே முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், இரண்டு தடவை வேலை போய் விசா முடிகிற நேரத்தில் இன்னொரு கம்பெனியில் சேர்த்துவிட்டவர். அதனால் எங்கள் வீட்டில் அண்ணா சொன்னால் சொன்னதுதான். என் கணவருக்கு வயது நாற்பத்தைந்து, அலுவலகத்தில் இவருக்குக் கீழே ஒரு பட்டாளமே இருக்கிறது. ஆனால் அண்ணாவின் போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். நானும் என் பெண்ணும் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

முதல் வருடம் என்னுடைய பழைய எண்ணெயை ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஒரு நாள் அண்ணா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணெயைத் தனக்குத் தரச் சொன்னார். சான் ஹோசேயில் அவர் வீட்டு கராஜில் அதிலிருந்து பயோடீசல் செய்வதாகவும், என் வண்டி மாதிரிப் பழைய இன்ஜினுக்கு அது பால் மாதிரி என்றும் சொன்னார். நான் சட்டென்று தலையாட்டிவிடவில்லை. இன்ஜினில் எண்ணெய் ஊற்றுவதா என்று நாலு கேள்வி கேட்டேன். அவர் கராஜுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சமையலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெயை வடிகட்டி, தண்ணீர் போகக் காய்ச்சி, எவ்வளவு முறுகியிருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, அதற்கேற்ற அளவில் காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு நாள் அப்படியே விட்டால் கிளிசரின் கருப்பாக அடியில் தங்கும், மேலே தேன் நிறத்தில் டீசல் நிற்கும். அதோடு முடியாது. மேலே நிற்பதில் சோப்பும் மிச்ச ரசாயனமும் கலந்திருக்கும். அதைத் தண்ணீர் தெளித்து மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும், அரிசி களைகிற மாதிரி, கடைசித் தண்ணீர் தெளிவாக வருகிற வரை. பிறகு உலர்த்த வேண்டும். கழுவாமல் ஊற்றினால் இன்ஜினைக் கொன்றுவிடும் என்று அண்ணாவே சொன்னார். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அதற்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தெரிந்தது. ராசிபலன் பக்கம்.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் எண்ணெய் டின்களைக் கொடுப்பேன், நீல கேன்களில் டீசல் வரும். குளிர்காலத்தில் பாதிக்குப் பாதி கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்கின் டீசலோடு கலந்து ஊற்றுவோம், உறையாமல் இருக்க. நான் சுட்ட வடையின் எண்ணெயே அடுத்த வடையைச் சுமந்து போகிறது என்பதில் எனக்கு ஒரு கிறுக்குத்தனமான சந்தோஷம் இருந்தது. வண்டிப் பெட்டியின் பக்கவாட்டில் அதைப் பெரிய எழுத்தில் தமிழிலும் எழுதிவைத்தேன். நம்மூர்க்காரர்களின் கோடைகாலப் பிக்னிக்கில் அண்ணா என் வண்டியை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்ற குடும்பங்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தார். பக்கத்தில் அவருடைய புது டீசல் பிக்கப் நின்றது. அதன் பின்புறத்தில், இந்த வண்டி தாவர எண்ணெயில் ஓடுகிறது என்று ஒரு ஸ்டிக்கர்.

அன்று திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் அவர் பிக்கப்புக்குப் பின்னாலேயே வந்தேன். எண்ணெய் விஷயத்தில் என் மூக்கு ஏமாறாது. இது ஒரு தடவை காய்ந்ததா, மூன்று தடவை காய்ந்ததா என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். அவர் வண்டியிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. மறுநாள் போனில் கேட்டேன். புது வண்டிகளில் புகையை வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கிறது, அது வாசனையையும் பிடித்துக்கொள்ளும் என்றார். கேட்டவுடன் நம்பினேன். நான்கு கேள்வி கேட்கிற வாய் அன்று ஒரு கேள்வியோடு மூடிக்கொண்டது. கணவருக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதரிடம் ஒரு அளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்று எனக்கும் பழகிப்போயிருந்தது.

அந்த வருடம் அக்டோபர் வாக்கில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் கிளம்ப அடம்பிடித்தது, மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. அண்ணாவிடம் சொன்னேன். பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கை பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும், ஃபில்டரை மாற்றினால் போதும் என்றார். அது ஆரம்பித்த முதல் மாதமே நடந்து முடிந்த கதை, ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. இருந்தாலும் மறுபடி மாற்றினேன். அடுத்து பேட்டரியாக இருக்கும் என்றார். பேட்டரியை மாற்றினேன். என் கணவர் பங்குக்கு, நான் கிரைண்டர் ஓட்டுகிற மாதிரி வண்டி ஓட்டுகிறேன் என்றார். அதையும் நம்பி, இரண்டு மாதம் ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி மிதித்தேன். என் மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. இன்று நினைத்தால் அதற்குத்தான் முதலில் கோபம் வருகிறது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மலைக்கு அந்தப் பக்கம் டிரேசியில் ஒரு வளைகாப்பு. பத்தரைக்கு ராகு காலம் முடிந்ததும் வளையல் போட வேண்டும், முடிந்த கையோடு அந்தப் பெண்ணுக்கு ஏழு வகைச் சாதம் வைக்க வேண்டும். அவள் சாப்பிடாமல் மண்டபத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். எண்பது பேருக்குச் சமைத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு, எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டேன்.

ஆல்டமாண்ட் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி செத்தது. முதலில் வேகம் குறைந்தது, பிறகு ஒரு குலுக்கல், பிறகு ஒன்றும் இல்லை. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் பதினெட்டுச் சக்கர லாரிகள் போகும்போதெல்லாம் என் பெட்டி ஆடியது. உள்ளே புளிச்சாதம் இருந்த தட்டு சரிந்து கொட்டும் சத்தம் கேட்டது. கணவருக்கு போன் செய்தேன். ஒரு நிமிஷம் இரு, அண்ணாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டபோது அவர் முதலில் கேட்டது இது.

"மீட்டர்ல எத்தனை மைல் காட்டுதுன்னு அண்ணா கேக்கறாரு."

கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எண்ணைப் படித்துச் சொன்னேன். சரி, இழுவை வண்டியைக் கூப்பிடு என்றார்.

இழுவை வண்டி வந்து அடுத்த எக்ஸிட்டில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் விட்டபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. வளைகாப்பு வீட்டிலிருந்து பட்டு வேட்டியோடு மூன்று பேர் மினிவேன்களில் வந்து, தட்டுகளை மாற்றி ஏற்றினார்கள். மண்டபத்துக்குப் போனபோது கிட்டத்தட்ட பன்னிரண்டரை. வளையல் நேரத்துக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு கை நிறைய வளையலோடு, ஏழு மாத வயிற்றோடு, நாற்காலியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு டம்ளர் பால்தானாம். எண்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு சாதத்தில் ஆறுதான் வைக்க முடிந்தது. அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லைம்மா, வண்டின்னா அப்படித்தான் என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த மண்டபத்திலிருந்து என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வண்டியை ஹேவர்டில் ஒரு பஞ்சாபி மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஃபில்டரை நெடுக வெட்டி எனக்கு முன்னால் பிரித்துவைத்தார். காகித மடிப்பு முழுக்கப் பழுப்பாகக் கோழை மாதிரி ஒன்று அப்பியிருந்தது. டீசலை இன்ஜினுக்குத் தள்ளுகிற இன்ஜெக்டர் பம்பு போய்விட்டது, இன்ஜெக்டர்களும் அடைத்துப்போயின என்றார். டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு பாட்டிலில் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினார். நல்ல பயோடீசலாக இருந்தால் சற்று நேரத்தில் தண்ணீர் தனியாக, டீசல் தனியாகப் பிரிந்து நிற்க வேண்டுமாம். இது மோர் மாதிரி வெளுத்து, நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அப்படியே நின்றது. பூரா சோப்பு, இதை யாரும் கழுவவே இல்லை என்றார். ஒரு தடவை தவறியதா, எப்போதுமே இப்படியா என்று தெரிய, செய்த இடத்திலிருந்து ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் மதியம் அண்ணா வீட்டுக்குப் போனேன். அவர் ஆபீஸில் இருந்தார். அண்ணிதான் கராஜைத் திறந்துவிட்டார். நல்ல மனுஷி, கையில் நறுக்கிக்கொண்டிருந்த கொத்தமல்லியோடு வந்து நின்றார். அலமாரிக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. முன்பு நான் பார்த்தபோது அது கிடையாது. தலைப்பில் டெஸ்ட் வண்டி என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே தேதிகள், எதிரே மைல் கணக்கு. செப்டம்பர் கடைசியிலிருந்து ஒவ்வொரு வரியிலும் கழுவாதது என்று எழுதியிருந்தது. நடுவில் ஃபில்டர் மாற்றிய நாள், பேட்டரி மாற்றிய நாள். கடைசி வரியில் இருந்த எண்ணை நான் உடனே அடையாளம் கண்டேன். ஆல்டமாண்ட் மேட்டில் நான் போனில் படித்த எண். அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

என்ன இது என்று அண்ணியிடம் கேட்டேன். தண்ணீர் பஞ்சம் பிடித்த ஊரில் இவ்வளவு தண்ணீர் கொட்டிக் கழுவுவானேன், கழுவாமல் எத்தனை மைல் தாங்கும் என்று அவர் டெஸ்ட் பண்ணுகிறார், பயோடீசல் செய்கிறவர்களின் அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறார் என்று அண்ணி வெள்ளந்தியாகச் சொன்னார். அவருடைய பிக்கப்பிலும் இதையேதான் ஊற்றுகிறாரா என்று கேட்டேன்.

"இவரு வண்டியில இதை ஊத்த மாட்டாரேம்மா. வாரண்டி போயிடும்னு வாங்கினதுலேர்ந்து கேஸ் ஸ்டேஷன்லதான். ஏன், உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமே. இதே எடத்துல நின்னுதான ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க."

பாட்டில் கேட்க வந்ததையே மறந்துவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறி உட்கார்ந்தபோது, அண்ணாவின் மேல் எனக்கு இருந்த கோபம் முழுக்க அப்படியே வழுக்கி வேறு ஒருவர் மேல் போய் விழுந்திருந்தது. அண்ணா யார், ஊரான். என்னை ஏமாற்ற அவருக்கு உரிமை இல்லாவிட்டாலும், ஏமாற்ற மாட்டார் என்று அவர் எனக்குச் சத்தியம் செய்துகொடுத்ததில்லை.

சாயங்காலம் கணவர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு ஷூ காலிலேயே இருக்க, உட்கார்ந்தபடி சொன்னார்.

"அண்ணா கேட்டாரு. அவர்கிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? நம்ம கிரீன் கார்டு வரைக்கும் வந்திருக்குன்னா அவராலதான். உன் வண்டி எப்படியும் பழசுதானேன்னு நெனச்சேன்."

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்றார். அதுவும் சரிதான். இத்தனை வருடத்தில் அவர் என்னை நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்.

"வண்டி நிக்கும்னு தெரியுமா?"

"என்னைக்குன்னு கரெக்டா யாருக்குத் தெரியும்? பொங்கலுக்கு முன்னாடி பின்னாடி நிக்கலாம்னு அண்ணா சொன்னாரு. வழியில நின்னா டோ பண்ணிக்கலாம், ரிப்பேர் நான் பாத்துக்கறேன்னாரு."

மாடியில் என் பெண் ஜூம் கிளாஸில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தவில்லை. லாரிகளுக்குப் பக்கத்தில் என் வண்டி ஆடிய ஆட்டத்தை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரமே அண்ணா பழக்கூடையோடு வந்தார். நமக்குள்ள என்னம்மா என்றார். இவ்வளவு நல்ல ரிசல்ட் கிடைத்ததே என் வண்டியால்தான் என்றும் சொன்னார். காபி நான் போடவில்லை, கணவர் போட்டார். ரிப்பேரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, போகப்போகச் சரியாகிவிடும் என்று என் கணவரிடம் வாசலில் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அவர் அந்தப் பேச்சைப் பேசினாராம். என் வண்டியின் படம் திரையில் வந்ததாம். யாருடைய வண்டி என்று சொல்லவில்லையாம், அந்த நாகரிகம் அவருக்கு உண்டு.

இப்போது வண்டியில் கேஸ் ஸ்டேஷன் டீசல்தான் ஓடுகிறது. பக்கவாட்டில் எழுதியதை மெக்கானிக்கின் ஆளை விட்டுச் சுரண்டி எடுத்தேன். எண்ணெயை முன்பு வந்த கம்பெனிக்காரர்களே வந்து எடுத்துப் போகிறார்கள். நானும் என் கணவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பெண்ணின் கச்சேரிக்குச் சேர்ந்து போகிறோம், விருந்தாளி வந்தால் சேர்ந்து சிரிக்கிறோம். அவர் மன்னிப்பும் கேட்டுவிட்டார், ஒரு தடவைக்கு மூன்று தடவை. வண்டி கெட்டதற்காக.

ஒன்றை மட்டும் அவரிடம் நான் இதுவரை கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு டிரைவ்வே வரைக்கும் வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் எழுந்து வந்தது அன்றுதான். வண்டிக் கண்ணாடியைத் தட்டி, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பார்த்துப் போ என்றார். நான் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் குளிரில் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மேட்டுக்கு முன்னால் வரும் பிளெசன்டன் தாண்டுகிற வரைக்கும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன்.